பூஜையில் வைத்த ஸ்பேனர்

நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். அதற்கு ஆவடி டாக்டர் எழுதிக்கொடுத்தது பைத்தியத்துக்கான மாத்திரை என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்கு இருந்தது பைத்தியமல்ல, பயம்.

ஆயுத பூஜைக்கு அப்பா வேலை செய்யும் தொழிற்சாலையைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதிகாரியிடம் என்னைக் காட்டி வேலை கேட்க வேண்டும் என்று, அப்பா அன்று காலை அந்த மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்க வைத்தார்.

அதிகாரி என் பெயரைக் கேட்டார். மாத்திரை வேலையைக் காட்டியது: தாடை பூட்டிக்கொண்டது. கழுத்து கூட்டத்தின் பக்கமாக முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

"நடிக்கிறியாடா நாயே," என்று அப்பா அறைந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"வலிப்பு வந்துக்கீதுபா, கையில இரும்பு எதுனா குடு, நின்னுடும்," என்றார் அவரோடு வேலை செய்பவர். பூஜையில் சந்தனம் வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து என் கையில் திணித்தார்கள். அப்பா மறுபடியும் கை ஓங்கினார். ஸ்பேனரை அவர் முழங்கையில் இறக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பெண்டு பிள்ளைகளோடு பட்டறையே என்னைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தேன். கழுத்து அசையவில்லை.