இரண்டாவதாகப் படித்தவன்

ஈப்போவில் என் நண்பன் ஒருவனின் கல்யாணம் என் வாயால் நின்றது. அவன் ஒரு விதவையைக் கட்டிக்கொள்ள இருந்தான். அது எனக்கு அப்போது தெரியாது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் மலாயாவில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. விடியலில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவேன். மற்ற நேரமெல்லாம் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புத்தகம் பற்றிப் பேச அங்கே ஒரு நாதி கிடையாது. ஈப்போ ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவன் ஒருவன்தான் வாய்த்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறிப் போய், ஸ்டேஷனுக்கு எதிரே சீனர் காப்பிக்கடையில் அவனோடு உட்காருவேன்.

ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் பிடித்துப்போய், பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். திரும்பும் ரயிலோ சாயங்காலம்தான். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். முதலில் படித்தவன் புத்தகத்தைத் தாங்கிப் பேச வேண்டும். இரண்டாவதாகப் படித்தவன், பிடித்தே இருந்தாலும், அதைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

ஒரு மாதம் அவன் கொடுத்த நாவலில் ஒருவன் விதவையை மணக்கிறான். ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பக்கங்களில் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் இரண்டாவது ஆள்.

அன்றைக்கு என் நாக்கில் சனி. கதையை விட்டுவிட்டு ஊர்வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"நாவல்ல நடக்கும் தம்பி. நெசத்துல இவன் ஊர்ல தலைகாட்ட முடியுமா? இவன் தங்கச்சிய எவன் கட்டுவான்? பொறக்குற புள்ளையக்கூட விடமாட்டாங்க."

அவனுக்கும் ஊரில் கல்யாணமாகாத தங்கை இருந்தாள். அது தெரிந்துதான், அடி நன்றாக விழட்டும் என்று சொன்னேன். அவன் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தான்.

"அண்ணே, விதிக்காகப் பேசுறீங்களா, மனசாரச் சொல்றீங்களா?"

இப்படி ஒருநாளும் அவன் கேட்டதில்லை. நான் நிதானித்திருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் இருந்தேன்.

"மனசாரத்தான்" என்றேன்.

"அப்பச் சரிண்ணே" என்றான்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவன், அடுத்த இரண்டு மாதமும் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். பிறகு கப்பலேறி ஊருக்குப் போய், தாயார் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

நான் மட்டும் பழக்கதோஷத்தில் ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு பிளாட்பாரத்தில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவளாம். கையில் அந்த நாவல் இருந்தது. அவனுக்கு அதைப் படிக்கக் கொடுத்ததே அவள்தானாம்.

"தோட்டத்துக் கிராணி நீங்கதானே? என் வீட்டுக்காரரு செத்து ஆறு வருசமாச்சு. நாங்க ரெண்டு பேரும் கட்டிக்கிறதா இருந்தோம். நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு அவரு ஒதுங்கிட்டாரு."

சண்டை பிடிக்க வந்தவளாகத் தெரியவில்லை. குரல் தணிந்தே இருந்தது.

"மறுபடியும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். எந்த எடத்துல தப்புன்னு எனக்குத் தெரியல. நீங்க காட்டுங்க."

புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ரொம்பப் புடிச்ச புத்தகம்."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தோக்கக் கூடாதுன்னு."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசட்டும் என்றுதான் நின்றேன். அவள் புத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத அவருகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தாங்கமாட்டாரு."