மாமா முழுங்காத மாத்திரைகள்

என் மாமாவுக்குக் காசநோய் வந்ததைவிட, அது குணமாகிவிட்டது என்று அவரே முடிவு செய்ததுதான் எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்தியது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கோவளத்தில் எங்கள் வீட்டில்தான் மாமா இருந்தார்; அம்மாவின் தம்பி, மீன்பிடி போட்டில் வேலை. ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் அம்மா மீன் ஏலத்துக்குக் கரைக்கு ஓடிவிடுவாள் என்பதால், மாமா முழுங்குவதை நின்று பார்ப்பது என் பொறுப்பு.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. மாமாவின் கன்னம் உப்பியது. கூடவே அவருக்குள் ஒரு டாக்டரும் பிறந்துவிட்டார்.

“ஒடம்பு நல்லாத்தான் கீது. இத்த முழுங்கிட்டு போட்டுல ஏறுனா கொடலே வெளிய வருது. ஒங்கம்மா கையில சொல்லிடாத, இன்னா?”

சொல்லாமலிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஐஸ்கிரீம். அந்த வாக்கை மட்டும் மாமா ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. மனம் வந்த நாளில் முழுங்குவார். மற்ற நாட்களில் நான் மாத்திரைகளைப் பிதுக்கிக் கக்கூஸில் போட்டுவிட்டு, வெறும் அட்டையை அலமாரியில் வைப்பேன். அம்மா அட்டையைப் பார்த்துத் திருப்திப்படுவாள்.

மழைக்காலத்தில் இருமல் திரும்பியது, இம்முறை ரத்தத்தோடு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர், “நடுவுல நிறுத்தினீங்களா?” என்று கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார்.

“என் பொண்ணு பக்கத்துலயே நின்னு பாத்துச்சு சார்” என்றாள் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

சளிப் பரிசோதனையில், பழைய மாத்திரைகள் இனி மாமாவுக்கு வேலை செய்யாது என்று வந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டதில் சாகாமல் மிஞ்சிய கிருமிகள் பெருகிவிட்டன என்றார் டாக்டர். அடுத்த மாதம் அம்மா இருமத் தொடங்கினாள். அவளுக்கும் அதே முடிவு.

“நான் இன்னும் ஒரு மாத்திரகூடப் போடவே இல்லியே சார், அதுக்குள்ள எப்டி கேக்காமப் போவும்?”

“இது உங்க தம்பிகிட்டேருந்து வந்த கிருமிம்மா. வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு.”

திரும்பும் பஸ்ஸில் திருப்போரூர்வரை முகமூடிக்குள்ளிருந்தே அம்மா மாமாவைத் திட்டினாள். “நோவக்கூட ஒழுங்கா குடுக்கத் தெரியலியேடா ஒனக்கு! மாத்திரைக்கு அடங்குற நோவா குடுத்திருந்தா ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கும்!”

ஒன்றரை வருடம் இருவரும் புது மாத்திரைகளோடு மல்லுக்கட்டினார்கள். தோல் கருத்தது, மூட்டெல்லாம் வலித்தது. அம்மா ஏலத்தை விட்டுவிட்டுத் தினமும் மாமாவின் எதிரில் உட்கார்ந்து, “வாயத் தொற. நாக்கத் தூக்கு” என்று அதட்டினாள். தன் பங்கை விழுங்கிவிட்டு மறுபடியும் அவரைத் திட்டினாள். கடைசியில் இருவருமே பிழைத்தார்கள்.

அவ்வளவு நாளிலும் அந்தக் காலி அட்டைகளைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றால், “இஸ்கூலுக்கு டைமாச்சு, போ” என்று விரட்டிவிடுவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்தேன். கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் அவள் கேட்காமலேயே இருந்து, எனக்கும் சேர்த்து மாமாவைத் திட்டினாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.