குழிக்கு அந்தப் பக்கம்

பொன்முடிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். தொழிலாளர் குடியிருப்பு வரிசை வீடுகளாலான இரண்டு லயங்கள். மேல் லயத்தில் கத்தோலிக்கர். கீழ் லயத்தில் என்னைப்போலப் புரொட்டஸ்டன்ட் சபையார். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள்தாம், ஒரே சரிவில் கொழுந்து கிள்ளினார்கள். ஆனால் மேலே ‘சர்வேசுரன்’ என்பார்கள், கீழே ‘கர்த்தர்’ என்பார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு மூங்கில் வேலி ஓடியது.

ஓர் ஆடி மாதம் மழையோடு காய்ச்சலும் வந்தது. மேல் லயத்தில் ஒருத்தி, காய்ச்சல் நான் கொடுத்த கொயினா மருந்துக்குக் கட்டுப்படாமல் இறந்துபோனாள். கீழே விதுராவிலிருந்து வரும் சாலையில் மண் சரிந்து கிடந்ததால் அவர்களுடைய பங்குச் சாமியார் வர வழியில்லை. மறுநாள் மத்தியானம் அவள் புருஷன் மருந்து அறை வாசலில் வந்து நின்றான்.

“இனியும் வச்சிருக்க முடியாதுய்யா. உங்ககிட்ட வேதம் இருக்குல்லா. வந்து வாசிச்சுத் தருவியளா?”

“இது எங்க சபை வேதம். உங்க சாமியாரு ஒத்துக்க மாட்டாரே.”

“அவளுக்குன்னு ஒரு வசனமாவது வாசிக்காண்டாமா?”

மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியாதவன் இதையாவது செய்யலாம் என்று கிளம்பினேன். நான் போவதைப் பார்த்துக் கீழ் லயத்து ஆண்கள் சிலரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து வேலிக்கு எங்கள் பக்கமே நின்றார்கள்.

பெட்டியை இறக்கும்போதே மலையிலிருந்து மஞ்சு மூடுபனியாய் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் நிழலானார்கள். பிறகு நிழலும் இல்லை. புத்தகத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை வாசித்தேன். இருண்ட பள்ளத்தாக்கு வரும் இடத்தில், எனக்கு நேர் எதிரே இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கம்மிய பெண்குரல். எனக்கு ஒரு சொல் முந்தியே போயிற்று. நான் கர்த்தர் என்ற இடத்தில் அது சர்வேசுரன் என்றது. நான் நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை, சங்கீதத்தைக் கடைசிவரை சொல்லி முடித்தது. அதன்பின் மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மண் தள்ளி முடிந்ததும் புருஷனிடம் கேட்டேன். “கூடச் சொன்னது ஆரு?”

“உங்க ஆளுன்னுல்லா நெனச்சேன். எங்கள்ல ஆருக்கும் வேதம் மனப்பாடம் கிடையாது. செபமாலைதான் தெரியும்.”

வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் சொன்னார்: “எங்க பொம்பளையள்ல ஒருத்தியும் வரலை. வந்தாலும் வாயில சர்வேசுரன்னு வராது.”

மஞ்சு சற்று விலகியது. குழிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் மண்தான் இருந்தது. அதற்கப்புறம் செங்குத்தான பள்ளம்.

யாருக்கும் தனியாக நடக்கத் தைரியமில்லை. இரண்டு லயத்தாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். அன்று சாவு வீட்டில் கீழ் லயத்தார் முதல்முறையாக உட்கார்ந்து கட்டன்காப்பி குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரு லயத்தாரும் மருந்து அறை வராந்தாவில் வந்து உட்கார்ந்து, வாசிக்கச் சொன்னார்கள். கடவுளின் பெயர் வரும் இடத்தில் நான் நிறுத்துவேன். அவரவர் அவரவர் சொல்லைச் சொல்வார்கள். சாலை திறந்ததும் சாமியார் வந்து மேல் லயத்தாரைக் கண்டித்தார். எங்கள் உபதேசியார் என்னைக் கண்டித்தார். சிலர் வராமல் நின்றுவிட்டார்கள். பலர் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். மழையில் இற்று விழுந்த வேலியை யாரும் திரும்பக் கட்டவில்லை.

புருஷன் ஒரு வாரமும் தவறவில்லை. ஒருநாள் அந்த மேய்ப்பன் சங்கீதத்தையே மறுபடி வாசித்தேன்; எல்லோரும் போனபிறகு அவனிடம் கேட்டுவிட்டேன். “அது உம்ம பெஞ்சாதி குரலா?”

“அவளுக்கு எழுத்தே தெரியாதுய்யா.” துண்டை உதறித் தோளில் போட்டபடி சொன்னான்: “ஆனா இன்னிக்கு நீங்க வாசிச்சப்போ பக்கத்துல இருந்து கேட்டுட்டிருந்தா.”

 அடுத்த வாரம், அவளுக்குத்தான் அது தெரியுமே என்று அந்தச் சங்கீதத்தை விட்டுவிட்டு வேறொன்றை வாசித்தேன்.