நெளியாத தகடு

வண்டியோடு யார் வந்தாலும் பட்டறைக்காரர் முதலில் தரையில் மல்லாந்து படுத்துவிடுகிறார். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்று மோட்டார் சைக்கிள் வாங்கியவர் மேலிருந்து பார்த்து மயங்கியிருப்பார். பாதையில் கிடக்கும் கல் எங்கிருந்து பார்க்குமோ, அங்கிருந்து இவர் பார்க்கிறார். "மூஞ்சிக்குப் பவுடர் பூசவா வந்தீங்க? அடி விழறது அடிவயித்துல." இதைச் சொல்லிச் சொல்லியே கடைத்தெருவில் அவருக்கு 'அடிவயிறு' என்று பெயர் விழுந்துவிட்டது.

சுவர் முழுக்க இன்ஜின் கார்டுகள், இன்ஜினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடுகள். வருகிறவர்கள் கனமானதையே கேட்கிறார்கள். பயத்துக்கு ஈடாக எதையாவது சுமக்கத்தான் மனிதனுக்குப் பிடிக்கிறது. இவர் மெல்லிய அலுமினியத்தை எடுத்து நீட்டுகிறார். அதை வண்டியின் சட்டத்தில்தான் பொருத்துவார். இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் போகவில்லையென்றால் கழற்றி மறுபடி மாட்டுவார். "தகடு நசுங்கணும் சார். அதுக்குத்தான் அது."

"போன வருஷம் இரும்புதான் நல்லதுன்னீங்க?" என்றார் பழைய வாடிக்கையாளர் ஒருவர்.

"போன வருஷம் எனக்கு எல்லாம் தெரியும் சார்."

போன வருடம் தங்கையின் கணவருக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஆறு மில்லிமீட்டர் இரும்பு. கொஞ்சமும் ஆடக் கூடாது என்று அதை நேராக இன்ஜினிலேயே போல்ட் போட்டு இறுக்கினார். பாறை மோதியபோது தகடு அசையவில்லை. வாங்கிய அடியை அப்படியே இன்ஜினுக்குக் கொடுத்தது. போல்ட் பிடித்த இடத்தில் இன்ஜின் பிளந்து, எண்ணெய் பின்சக்கரத்தில் வழிந்து, சரிவில் வண்டி வழுக்கியது. மாப்பிள்ளைக்கு இடது முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. அதன்பின் தங்கை இவரோடு பேசவில்லை. இரண்டு முறை அவள் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார். அவள் ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்று காத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவளே வந்தாள். உடைந்த வண்டியைச் சுமையேற்றும் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள்.

"வண்டிய வித்தாச்சு. வாங்கறவருக்குக் கார்டு வேணாமாம். கழட்டிடுங்க."

'டேய் அண்ணா' என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அந்த 'ங்க' அவர் காதில் விழுந்தது முகத்தில் தெரிந்தது. படுத்தார், கழற்றினார், சேற்றைத் துணியால் துடைத்தார். தொழில் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை.

"பாரேன், ஒரு நெளிவு இல்ல."

"ஆமா. அதுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நீங்களே வச்சுக்கங்க, மெக்கானிக்."

ஆட்டோ தெருவைத் தாண்டும்வரை அவர் தலை நிமிரவில்லை. அதுவரை வரிசையில் காத்திருந்தவர் தகட்டைத் தூக்கி விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். "ஆத்தாடி, என்னா உறுதி! இதையே என் வண்டிக்கு மாட்டிடுங்களேன்."

பட்டறைக்காரர் அதைத் திரும்ப வாங்கி வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். மூலையில் மின்சாரக் கட்டர் இருந்தது. அதை விட்டுவிட்டு, கை ரம்பத்தை எடுத்துத் தகட்டின் நட்டநடுவில் வைத்து அறுக்கத் தொடங்கினார்.