ஜாவாவில் ஊர் விசாரித்தது

யாழ்ப்பாணத்தார் மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. ஊரைத்தான் பார்ப்பார்கள். எந்த ஊர், யாருடைய ஆட்கள், கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா என்பதெல்லாம் திருப்தியாக முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால் பையனின் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த வேலையில் என் அம்மா மகா கெட்டிக்காரி. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில் நின்று, ஒரு கையால் புட்டுக்கு மாக் குழைத்தபடி, மறு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, பாரிசில் இருக்கும் ஒரு பையனின் ஏழு தலைமுறையையும் கிளறி எடுத்துவிடுவார். கனடாவில் பல கல்யாணங்கள் அம்மாவின் தொலைபேசியில்தான் நிச்சயமாயின. சில நின்றுபோனதும் அதில்தான்.

அப்படிப்பட்ட அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, ஒரு ஜாவாக்காரரைக் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. சித்தி ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தார். நேர் எதிரே இருந்த மீன்கடையில் மீன் வெட்டியவர்தான் அந்த ஜாவாக்காரர். பிறகு என் சித்தப்பா ஆனவர் என்பதால் இப்போதே சித்தப்பா என்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘உந்த மீன்காரன்’ மட்டுமே. வீட்டுக்கு வந்த மீனெல்லாம் திடீரென்று கண் தெளிந்து செவுள் சிவந்து வரத் தொடங்கியபோதே அம்மா யோசித்திருக்க வேண்டும். குழம்பு ருசியில் விட்டுவிட்டார்.

முதல் வாரம் முழுவதும் வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. அம்மா அழுதார், சித்தி சாப்பிடவில்லை. சித்தப்பா வேதக்காரர் வேறு, அதாவது கிறிஸ்தவர். ஆச்சரியம் என்னவென்றால் வேதத்தை அம்மா சீக்கிரமே விழுங்கிவிட்டார். வேற்றுமொழி என்பதையும் விழுங்கினார். தொண்டையில் முள்ளாகச் சிக்கி நின்றது ஊர் ஒன்றுதான்.

“வேதமெண்டாலும் பரவாயில்லை. ஊர் தெரியாமல் என்னெண்டு குடுக்கிறது? ஆரைக் கேக்கிறது?”

“யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியே ஒரு காலத்திலை ஜாவாக்காரர் இருந்த இடமெண்டுதானே சொல்லுறவை,” என்றார் அப்பா. “எங்கட பக்கத்து மாப்பிள்ளை எண்டு நினைச்சுக்கொள்ளுமன்.”

அம்மா பார்த்த பார்வையில் அப்பா தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். அது மார்கழி மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வருவதைவிட அங்கே நிற்பது நல்லது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தாயும் தகப்பனும் போன பிறகு சித்தியைக் கையில் பிடித்து வளர்த்தவர் அவர். தெரியாத இடத்தில் கொடுத்துவிட்டு, நாளைக்குத் தங்கை அழுதுகொண்டு வந்தால் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று நினைத்து நினைத்தே அம்மா இளைத்துப்போனார். சித்தியோ, அக்கா மனதார ஓம் என்று சொல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று இருந்தார். வீட்டை விட்டுப் போய்க் கட்டிக்கொள்ளும் ஆளல்ல. ஆகவே இரண்டு பேருடைய வாழ்க்கை அம்மாவின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சித்தியின் கட்சி. சித்தப்பா நண்டை எப்படிப் பிடித்தால் கடிக்காது என்று எனக்குக் காட்டித் தந்தவர்.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். ஜாவாவில் இருந்தாலும் ஊர் ஊர்தான், விசாரித்தே ஆகவேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர் வாயாலேயே ஊரைப் பற்றிக் கேட்பது, பிறகு ஊராரையே தொலைபேசியில் பிடித்துச் சரிபார்ப்பது. இதில் ஒரு சிக்கல். சித்தப்பாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’யோடு முடிந்துவிடும். அப்பாவின் பிரெஞ்சு தொழிற்சாலையில் படித்த பிரெஞ்சு, அதில் பாதியைச் சபையில் பேச முடியாது. சித்திக்கு நன்றாகவே தெரியும், ஆனால் மாப்பிள்ளையின் ஊரைப் பெண்ணே உட்கார்ந்து விசாரிப்பது எந்த நாட்டு வழக்கம்? சித்தி குசினிக்குள் போய்விட்டார். மொழிபெயர்க்க மிஞ்சியது நான்தான்.

சித்தப்பா வந்தார். பனிச் சப்பாத்தை வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, ‘வணக்கம் அக்கா’ என்றார். அந்த இரண்டு சொல்லைச் சித்தி பழக்கிவிட்டிருந்தார். அப்பாவின் கணினியில், வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைத் திறந்து, ஜாவாத் தீவின் நடுவில் ஒரு எரிமலையைத் தேடிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் விரலை வைத்தார். பச்சை நிறத்துக்குள் கொஞ்சம் சிவப்பு ஓட்டுக் கூரைகள். சுற்றிவர வயல்கள் படிப்படியாக மலையிலிருந்து இறங்கின. எனக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திராது, அவ்வளவு அழகு.

அம்மா அசையவில்லை. அவர் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த தோட்டக்காரரின் மகள். படத்தைக் காட்டி அவரை ஏமாற்ற முடியாது.

“வடிவாத்தான் கிடக்கு. தண்ணி என்ன மாதிரியெண்டு கேள்.”

தண்ணீர் மலையிலிருந்து தானாக வாய்க்காலில் வருமாம். மேல் வயல் குடித்தபின் அடுத்த வயலுக்கு இறங்கும், அங்கிருந்து அடுத்ததற்கு. இறைப்பதே இல்லையாம். விடிவதற்கு முன் எழும்பி, கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட்டு வளர்ந்த அம்மாவுக்கு இது நம்பக்கூடிய பேச்சாக இல்லை.

“இறைக்கிறேல்லையோ? சும்மா புளுகிறார்.”

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். சித்தப்பா கோபிக்கவில்லை. நெல் வெட்டி மழை ஓய்ந்தபின் அதே மண்ணில் புகையிலை போடுவோம், அதற்கு மட்டும் தண்ணீரைக் காவிக்கொண்டுபோய்க் கன்றுக்குக் கன்று ஊற்றவேண்டும், தோள் தோலுரிந்துவிடும் என்றார். புகையிலை என்றதும் அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார். இலையை எப்படிப் பதப்படுத்துவது என்று கேட்கச் சொன்னார். எங்களவர்கள் குடிலுக்குள் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். அவர்கள் மெல்லியதாக அரிந்து மூங்கில் தட்டிகளில் பரப்பி வெயிலில் காயவிடுவார்களாம். அந்த மாதங்களில் முற்றம், தெருவோரம் எல்லாம் தட்டிதான். இடம் போதாவிட்டால் பள்ளிவாசல் முற்றத்தையும் வேதக் கோயில் முற்றத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஊரில் முஸ்லிம்கள்தான் கூட, வேதக்காரர் கொஞ்சப் பேர். மழை இருண்டால் யாருடைய தட்டி என்று பார்க்காமல் எல்லோரும் ஓடிப்போய்த் தூக்குவார்களாம். யாராவது வீடு கட்டினால் கூரை போடுவதற்கு ஊரே வரும். கூலி கிடையாது, சோறு மட்டும்.

“ஒரு வீட்டுக்காரன் வராட்டில் என்ன செய்வினம்?” என்று கேட்டார் அம்மா.

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்றார் சித்தப்பா. அம்மா முதல் தடவையாகத் தலையை ஆட்டினார்.

பிறகு வந்தது அம்மாவின் கடைசிக் கேள்வி. எந்த ஊரானாலும் இதை அவர் கேட்காமல் விட்டதில்லை. ஊரில் சண்டை சச்சரவு எப்படி?

சண்டையே கிடையாது, எங்கள் சனம் மென்மையான சனம் என்றார் சித்தப்பா. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. “சண்டை இல்லாத ஊரோ? எதையோ மறைக்கிறார் பிள்ளை,” என்று எழும்பப் பார்த்தார். குசினி வாசலில் சித்தியின் முகம் வெளிறியது. “அம்மா நம்பவில்லை, ஒரு சண்டையாவது சொல்லுங்கள்,” என்று சித்தப்பாவிடம் பிரெஞ்சில் கெஞ்சினேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவருடைய தகப்பனுக்கும் தகப்பனின் அண்ணனுக்கும் பல வருடங்கள் பேச்சுவார்த்தை இல்லை. தம்பியின் முறை நேரத்தில் அண்ணன் வாய்க்காலைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். ஊரில் ஒரு விருந்து என்றால் இரண்டு பேரும் பாயின் இரண்டு நுனியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒரு காற்றில் தம்பி வீட்டு ஓடுகள் பறந்தன. அடுத்த நாள் கூப்பிடாமலே அண்ணன் வந்தார், கூரையில் ஏறினார், ஓடு போட்டார், ஒரு வாய் சாப்பிடாமல் இறங்கிப் போனார். மாலையில் சித்தப்பாவின் தாய் அந்தச் சோற்றை வாழையிலையில் கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பினார். அவர் சாப்பிட்டார். ஆனால் பேச்சு வர இன்னும் ஒரு போகம் ஆனது.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“இப்ப நம்புறன். இது ஊர்தான். ஒரு சாண் வேலிக்கு வழக்குப் பேசிக் காணியையே வித்த சனமெல்லோ நாங்கள்!”

பல்கனிக் கதவடியில் நின்ற அப்பா மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார். சூடு ஆறுவதற்குள் அடிக்கவேண்டும் என்று சித்தப்பாவுக்கும் தெரிந்திருந்தது. தன் கைபேசியை எடுத்து ஊருக்கு அழைத்தார். எங்களுக்குச் சனிக்கிழமை மாலை, அவர்களுக்கு ஞாயிறு காலை.

திரையில் அவருடைய தாய் வந்தார். பூப்போட்ட சட்டை அணிந்த மெலிந்த பெண்மணி. பின்னால் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு கோழி அதைத் திருடிக்கொண்டிருந்தது. அவர் ஜாவா மொழியில் சொல்ல, சித்தப்பா பிரெஞ்சில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, ‘சுகமா’ என்ற ஒரு கேள்வி போய்த் திரும்பி வருவதற்கே தேத்தண்ணி ஆறிவிட்டது. அம்மாவின் கண் தாயின் முகத்தில் நிற்கவில்லை. வீட்டை அளந்துகொண்டிருந்தது.

“உந்தச் சுவரிலை தொங்கிற பேணி என்னெண்டு கேள்.”

வாசல் சுவரில் ஆணியில் ஒரு சின்னத் தகரப் பேணி தொங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்குமாம். தினமும் பொழுதுபட அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைப்பார்களாம். ஊர்க் காவலுக்குச் சுற்றி வருகிறவர்கள் அதைச் சேர்த்து எடுத்து, விற்று, யாருக்காவது நோய் வருத்தம் என்றால் கொடுப்பார்கள், தெருவிளக்குப் போடுவார்கள்.

“பிடியரிசி!” என்று அம்மா கத்திவிட்டார். “எங்கட வீட்டிலையும் உலையிலை போட முந்தி ஒரு பிடி எடுத்து வைக்கிறனாங்கள். கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு. எடியே, இஞ்சை ஓடி வா, பிடியரிசிப் பேணியை வந்து பார்!”

வழக்கமெல்லாம் மறந்துபோய்ப் பெண்ணையே இழுத்துக்கொண்டுவந்து திரைக்கு முன்னால் உட்கார்த்திவிட்டார். சித்தியைக் கண்டதும் அந்தத் தாய் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்போது அந்தத் தாய் மகனிடம் ஏதோ கேட்டார். சித்தப்பா தயங்கினார். எங்கள் பக்கத்திலும் கல்யாணத்துக்கு முன் இப்படி விசாரிப்பது உண்டு, தவறாக நினைக்கக்கூடாது, என் தாய் கேட்கிறார் என்றார். நான் உற்சாகமாகத் தமிழில் சொன்னேன்.

“உங்கட ஊரிலை ஆரைக் கேட்டால் உங்களைப் பற்றிச் சொல்லுவினம் எண்டு கேக்கிறா.”

அம்மா இப்போது பேர்பேராக அடுக்கப் போகிறார், எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்ல எனக்கு மூச்சு வாங்கப் போகிறது என்று தயாராக இருந்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். சித்தி குனிந்து தன் கையைப் பார்த்தார். அப்பா கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

அம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய ஊரை இராணுவம் எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் சனமெல்லாம் கையில் கிடைத்ததோடு ஓடியது. வீடுகளை இடித்தார்கள், கிணறுகளை மூடினார்கள், சுற்றிவரக் கம்பி போட்டார்கள். ஓடியவர்களில் வயதானவர்கள் போன இடங்களில் செத்தார்கள், மற்றவர்கள் உலகமெல்லாம் சிதறினார்கள். அந்த மாலைவரை கம்பி அங்கேதான் இருந்தது. அம்மா விசாரித்த அத்தனை ஊரிலும் யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்தார்கள். அம்மாவின் ஊரில் எடுக்க ஆளில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு, ஊர் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

“சொல்லு பிள்ளை,” என்றார் அம்மா. “அங்கை இப்ப ஒருத்தரும் இல்லையாம் எண்டு சொல்லு. கேக்கிறதுக்கு ஆளில்லை.”

ஒருவரும் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் தாயிடம் நெடுநேரம் பேசினார். நான் சொன்ன இரண்டு சொல்லை அவர் இவ்வளவு நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியா மொழிபெயர்ப்பது?

அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்து யாரையோ கூப்பிட்டார். விளக்குமாற்றோடு ஒரு பெண் வந்தார், தலையில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கட்டை இறக்கிவிட்டு வந்தார், ஒரு கிழவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். அவர்களிடம் அவர் ஏதோ சொல்ல, அவர்கள் மாறி மாறித் தலையாட்டினார்கள். எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு திரைக்குள் நின்று எங்களைப் பார்த்தார்கள். தாய் ஒரு வசனம் சொன்னார். சித்தப்பா அதைப் பிரெஞ்சில் சொன்னார். நான் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

“அப்பிடியெண்டால் இனி ஆரும் உங்களைப் பற்றி விசாரிக்கிறதெண்டால், தங்கட ஊரிலை வந்து கேக்கட்டுமாம். தாங்கள் சொல்லுவினமாம்.”

எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகப் பட்டது. எங்களை இன்றைக்குத்தான் காண்கிறார்கள். அம்மாவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. யாராவது போய்க் கேட்டால் இவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்?

அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். தோள் குலுங்கியது. சித்தி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பயந்துபோனேன். ஏதோ பிழையாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துச் சித்தப்பாவிடம் மறுபடி கேட்டேன். அவரும் அதையே சொன்னார். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை என்று முடிவு செய்து, அவர் காதருகே குனிந்து, இந்த முறை அவருக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் முழுவதையும் சொன்னேன்.