தூக்கி ஊது

சிரம்பான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பள்ளி பேண்டில் கொடுத்த யூஃபோனியம் ஊதுகருவியைச் சாய்த்து, உள்ளே தேங்கிய தண்ணீரை மகள் டைல்ஸில் சொட்டவிட்டாள்.

"தரையெல்லாம் எச்சில்டி," என்றேன். என் அம்மாவின் குரல் அப்படியே வந்தது.

லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில், பதின்மூன்று வயதில், இதே போன்ற கனத்த பித்தளை வாத்தியத்தை நானும் பள்ளியிலிருந்து தூக்கி வந்தேன். எங்கள் வீட்டில் கோப்பியைக்கூட அண்ணாந்துதான் குடிப்போம்.

"எத்தன பேரு வாய் வச்சதோ. நீ தூக்கி ஊது," என்றாள் அம்மா.

உதடு பட்டால்தான் சத்தமே வரும் என்று எத்தனை தடவை சொல்வது?

"அப்போ கழுவியாச்சும் குடுக்கிறேன்லா," என்றாள் அம்மா.

தினமும், வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி மஞ்சள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தாள். 'பொம் பொம்' என்று ஊதும்போதெல்லாம் வாயில் குழம்பு ருசி. சுதந்திர தின அணிவகுப்பில், என் வாயைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்துத் திடலே சிரித்தது. அம்மா மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "எம்மவதான் சுத்தமா ஊதுறா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை நான் புறங்கையால் வாயைத் தேய்த்துக்கொண்டே அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

"துடைச்சிட்டேன்லா அம்மா," என்றாள் மகள். "மவுத்பீஸ் எங்க? நாளைக்குப் பரேட் இருக்கு."

அது அடுப்படியில் வெந்நீரில் கிடந்தது. மஞ்சளைக் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தேன்.