ட்ரெயில் என்றால் எந்த ட்ரெயில்?

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டுக்கு இல்லை... குளுவாங் பக்கத்தில் ஒரு மலையடிவாரத்துக்கு!

மாப்பிள்ளை என் அக்கா மகன் பிரகாஷ். மாசாயில் வீடு, எல்லை தாண்டி சிங்கப்பூரில் வேலை. இதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் ஏதேதோ காரணத்தால் நின்றுபோயின. பெண் ஷாமினி, பள்ளி ஆசிரியை. "வீட்டுல உட்கார்ந்து தே தண்ணி குடிச்சா என்ன தெரியப்போகுது? வெளியில ஏதாவது பாதையில ட்ரெயில் போலாமா?" என்று அவளே மெசேஜ் அனுப்பியிருந்தாள். பிரகாஷுக்கு ஒரே குஷி. வாரம் தவறாமல் சைக்கிள் ஓட்டுகிறவன் ஆயிற்றே!

அக்கா வரவில்லை. "நான் வந்தா எதையாவது சொல்லிக் கெடுத்துடுவேன். நீயும் உன் பொண்டாட்டியும் போங்கடா தம்பி. இதாவது அமையணும்" என்றாள்.

போய் இறங்கினோம். பிரகாஷ் உடம்பைப் பிடிக்கும் ஜெர்சியும் ஹெல்மெட்டுமாக, காரின் கூரையிலிருந்து மெல்லிய டயர் சைக்கிளை இறக்கினான். பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கட்டை வைத்த ஷூ வேறு. ஷாமினியோ மலையேறும் ஷூ, முதுகுப் பை, கையில் கோல் சகிதம் தன் அம்மாவோடு நின்றாள். இருவருக்கும் நடுவே ஓர் அறிவிப்புப் பலகை. அதில் சைக்கிள் படம் — மேலே சிவப்புக் கோடு!

"அலமாக்!" என்றாள் என் மனைவி.

"நடக்கிற ட்ரெயில்னு நீங்க சொல்லலியே?" என்றான் பிரகாஷ்.

"சைக்கிளோட வர்றேன்னு நீங்களும் சொல்லலியே?" என்று சிரித்தாள் ஷாமினி. "இது காலுக்கு மட்டும்தாங்க. வேர், பாறை, கயிறு எல்லாம் இருக்கு. அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்துல செம்மண் பாதை இருக்கு, அது தடிச்ச டயருக்கு. உங்க சைக்கிளுக்குத் தார் ரோடுதான்."

நானும் ட்ரெயில் என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். பூங்காவில் நடப்பவரும் சைக்கிள்காரரும் கோடு போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பாதையும் ட்ரெயில், கயிற்றைப் பிடித்துத் தொங்குவதும் ட்ரெயில் என்றால் மனிதன் என்ன செய்வான்?

சைக்கிளுக்குக் காவலாக என் மனைவியும் ஷாமினியின் அம்மாவும் அங்கிருந்த கடையில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் மூவரும் ஏறினோம். அக்கா என்னை நம்பி அனுப்பியிருக்கிறாளே... கொஞ்சம் பின்னால் தள்ளி நானும் ஏறினேன்.

டக், டக் என்று பிரகாஷின் ஷூ பாறையில் தட்டியது. ஈர வேரில் வழுக்கியது. ஒரு கட்டத்தில் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறும் சாக்ஸில் நடந்தான். அதில் அட்டை ஏறியது. "அசையாதீங்க" என்று குனிந்து, நகத்தால் அதை நகர்த்தி எடுத்து எறிந்தாள் ஷாமினி. பெண் பார்க்கும் படலத்தில் இப்படி ஒரு காட்சியை எங்காவது கண்டதுண்டா?

கயிறு கட்டிய செங்குத்தான இடம் வந்தது. அவள் கயிற்றைப் பிடித்தாள். பிரகாஷ் நின்றுவிட்டான்.

"ஸாரிங்க. என்னால முடியல. கால் ரொம்ப வலிக்குது. பயமாவும் இருக்கு."

போச்சு, என்று நினைத்தேன். அக்காவிடம் என்ன சொல்வது?

ஷாமினி கயிற்றை விட்டாள். "அதுக்கு ஏன் ஸாரி? போன வழியிலேயே திரும்புற பாதைதானே, எங்க வேணாலும் திரும்பலாம். சுத்திட்டு வர்ற பாதையா இருந்தாத்தான் வம்பு. பாதி தாண்டிட்டா, முடிஞ்சாலும் முடியாட்டியும் போய்த்தான் ஆகணும்."

இறங்கி வரும்போது இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. கீழே வந்ததும் அவள் தார் ரோட்டில் அவன் சைக்கிளை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே வெறுங்காலோடு ஓடினான் பிரகாஷ்! கால் வலி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஷாமினியின் அம்மா அழைத்தார். பெண்ணுக்குச் சம்மதம். "முடியலன்னா முடியலன்னு சொல்ற ஆளும்மா, இவரோட எங்க வேணாலும் போலாம்" என்றாளாம். செய்தி கேட்டு அக்கா போனிலேயே அழுதுவிட்டாள்.

எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாமல்தானே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள்?

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க என்னிக்காவது முடியலன்னு சொல்லியிருக்கீங்களா? நேத்து ஏறினதுல கால் வலிக்குதுதானே?"

"எனக்கா? சேச்சே!" என்றேன்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.